இயல்நிலைப் பரவலில் நிகழ்தகவு காண்பது எப்படி: இசட் மதிப்பு, அட்டவணை, வழுக்கும் இடங்கள்

இயல்நிலைப் பரவல் கணக்குகளில் பெரும்பாலான பிழைகள் ஒரே இடத்தில்தான் நடக்கின்றன. இசட் மதிப்பைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அட்டவணையில் அதற்குரிய எண்ணையும் சரியாக எடுத்துவிடுவார்கள். அந்த எண் வளைவரையின் எந்தப் பகுதியின் பரப்பு என்று கேட்டால் மட்டும் தடுமாற்றம் வரும். கழித்தலும் வகுத்தலும் இங்கே சிறு வேலைகள். கேட்ட பரப்பை அட்டவணைக்குத் தெரிந்த பரப்பாக மாற்றிக்கொள்வதுதான் முழுக் கணக்கும்.

பரப்புதான் நிகழ்தகவு

எடை, நீளம், கொள்ளளவு, நேரம் போன்றவை தொடர் மாறிகள். இரண்டு மதிப்புகளுக்கு இடையே வேறொரு மதிப்பு எப்போதும் இருக்கும். இத்தகைய மாறி இயல்நிலைப் பரவலைப் பின்பற்றினால் அதன் வளைவரை மணி வடிவில், சராசரியின் இருபுறமும் சமச்சீராக அமையும். வளைவரைக்குக் கீழுள்ள மொத்தப் பரப்பு 1. சராசரியில் செங்குத்துக் கோடு போட்டால் இடப்புறம் 0.5, வலப்புறம் 0.5. ஓர் இடைவெளியின் மேல் அமைந்த பரப்பே மாறி அந்த இடைவெளிக்குள் விழும் நிகழ்தகவு.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். முதலாவது: துல்லியமாக ஒரே மதிப்புக்கு நிகழ்தகவு 0, ஏனெனில் ஒரு கோட்டுக்கு அகலமில்லை, பரப்பும் இல்லை. ஆகவே ‘500க்குக் கீழ்’ என்றாலும் ‘500 அல்லது அதற்குக் கீழ்’ என்றாலும் விடை ஒன்றே. இரண்டாவது: வளைவரையின் உயரம் நிகழ்தகவு ஆகாது. திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 4 என்றால் உச்சியின் உயரம் ஏறத்தாழ 0.0997. திட்ட விலக்கம் 0.1 என்றால் அதே உச்சி 3.99க்குப் போய்விடும். ஒன்றைத் தாண்டும் எண் நிகழ்தகவாக இருக்க முடியாது. கணிப்பொறியில் கணக்குப் போடுவோர் அடிக்கடி விழும் குழி இது. கடைசிப் பகுதியில் மறுபடி வருவோம்.

இந்த வளைவரையின் சார்பைத் தொகையிட்டு எளிய சூத்திரமாக எழுத முடியாது. அதனால்தான் அட்டவணை தேவைப்படுகிறது. சராசரிக்கும் திட்ட விலக்கத்துக்கும் எல்லையற்ற சேர்க்கைகள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் அட்டவணை போடவும் வழியில்லை. எல்லாவற்றையும் சராசரி 0, திட்ட விலக்கம் 1 கொண்ட ஒரே பரவலுக்கு மாற்றிவிட்டால் ஓர் அட்டவணையே போதும். அந்த மாற்றத்தின் பெயர்தான் இசட்.

இசட் மதிப்பு

இசட் = (மதிப்பு − சராசரி) ÷ திட்ட விலக்கம்

ஒரு மதிப்பு சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கங்கள் தள்ளி நிற்கிறது என்பதை இது சொல்கிறது. நேர்க்குறி என்றால் சராசரிக்கு மேலே, எதிர்க்குறி என்றால் கீழே. மில்லிலிட்டரை மில்லிலிட்டரால் வகுப்பதால் இசட்டுக்கு அலகு கிடையாது. அதனால்தான் வேறு வேறு அளவுகோல்களை ஒப்பிட முடிகிறது. சராசரி 70, திட்ட விலக்கம் 8 உள்ள தேர்வில் எடுத்த 78இன் இசட் 1.0. சராசரி 50, திட்ட விலக்கம் 10 உள்ள தேர்வில் எடுத்த 65இன் இசட் 1.5. மதிப்பெண் குறைவானாலும் இரண்டாவதே மேலான நிலை.

கவனிக்க வேண்டியது, வகுப்பது திட்ட விலக்கத்தால்; அதன் வர்க்கமான பரவற்படியால் அல்ல. இயல்நிலைப் பரவலைக் குறியீட்டில் எழுதும்போது பல நூல்கள் அடைப்புக்குள் முதலில் சராசரியையும் இரண்டாவதாகப் பரவற்படியையும் தருகின்றன. (505, 16) என்று கண்டால் திட்ட விலக்கம் 16 அல்ல, 4. ஆனால் கணிப்பொறி மென்பொருள்கள் பெரும்பாலும் திட்ட விலக்கத்தையே கேட்கும். வினாத்தாளிலிருந்து நேரே தட்டினால் விடை தப்பும்.

இன்னொன்று: இசட்டை எந்தப் பரவலுக்கும் கணக்கிடலாம். கணக்கிட்டதால் அந்தப் பரவல் இயல்நிலையாக மாறிவிடாது. கோணலான பரவல் இசட்டுக்கு மாற்றிய பிறகும் கோணலாகவே இருக்கும்.

உங்கள் அட்டவணை எந்த வகை?

புழக்கத்தில் மூன்று வகை அட்டவணைகள் உண்டு. இசட் 1.00க்கு நேராக என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.

0.8413 என்றால் அது இடக்கோடி முதல் இசட் வரையுள்ள மொத்தப் பரப்பைத் தருவது.
0.3413 என்றால் சராசரி முதல் இசட் வரையுள்ள பரப்பு மட்டும்.
0.1587 என்றால் இசட்டுக்கு வலப்புறம் மீந்திருக்கும் வால் பகுதி.

இசட் 0.00க்கு நேரே பார்த்து முடிவு செய்ய வேண்டாம். முதல் வகையும் மூன்றாம் வகையும் அங்கே 0.5000 என்றே காட்டும். இரண்டாம் வகை அட்டவணை வைத்திருப்பவர்கள் நேர்க்குறி இசட்டுக்கு 0.5 கூட்டினால் முதல் வகை கிடைத்துவிடும். இனி வரும் கணக்குகள் முதல் வகையைக் கொண்டவை.

வாசிக்கும் முறை: இடப்பக்க நிரலில் முதல் தசம இடம் வரை, மேல் வரிசையில் இரண்டாம் தசம இடம். 1.96 வேண்டுமானால் 1.9 வரிசையும் 0.06 நிரலும் சந்திக்கும் இடம்: 0.9750. இசட் 1.236 போல வந்தால் 1.24 என்று முழுமைப்படுத்துவது பெரும்பாலான தேர்வுகளுக்குப் போதும் (0.8925). துல்லியம் வேண்டுமென்றால் 1.23க்கு உரிய 0.8907உடன் இடைவெளியின் பத்தில் ஆறு பங்கைச் சேர்க்கலாம்: 0.8907 + 0.6 × 0.0018 = 0.8918.

எதிர்க்குறி இசட் இல்லாத அட்டவணையாக இருந்தால் சமச்சீர் கைகொடுக்கும். −1.25க்கு இடப்புறப் பரப்பும் +1.25க்கு வலப்புறப் பரப்பும் சமம்: 1 − 0.8944 = 0.1056.

நான்கு வகைக் கேள்விகள், ஒரே எடுத்துக்காட்டு

ஒரு நிரப்பும் இயந்திரம் 500 மில்லிலிட்டர் என்று குறிக்கப்பட்ட புட்டிகளை நிரப்புகிறது. நிரம்பும் அளவின் சராசரி 505 மி.லி., திட்ட விலக்கம் 4 மி.லி. அளவு இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதாகக் கொள்வோம்.

எந்தக் கணக்கிலும் முதல் வேலை படம். மணி வடிவைப் போட்டு, நடுவில் 505 குறித்து, இருபுறமும் நான்கு நான்காக 501, 497, 509, 513 என்று குறியுங்கள். வளைவரை கவிழ்ந்த வளைவிலிருந்து நிமிர்ந்த வளைவுக்கு மாறும் இடம் சரியாக ஒரு திட்ட விலக்கத்தில், அதாவது 501இலும் 509இலும். இதை நினைவில் வைத்தால் படம் ஓரளவு அளவோடு வரும். பிறகு கேட்ட பகுதியை நிழலிட்டு, அது பாதிக்கு மேலா கீழா என்று கண்ணால் மதிப்பிட்டு எழுதுங்கள். அட்டவணையைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

*இடப்புறம்.* 500க்குக் கீழ் நிரம்பும் நிகழ்தகவு என்ன? இசட் = (500 − 505) ÷ 4 = −1.25. பரப்பு 0.1056. நூறு புட்டியில் பத்துப் பதினொன்று குறையளவு. படத்தில் நிழல் சிறிய இட வால்; விடையும் சிறியது, பொருந்துகிறது. 0.8944 என்று வந்திருந்தால் படமே காட்டிக்கொடுத்திருக்கும்.

*வலப்புறம்.* 511க்கு மேல்? இசட் = 6 ÷ 4 = 1.5. அட்டவணை தருவது 0.9332, அது இடப்புறம். நமக்கு வேண்டியது 1 − 0.9332 = 0.0668.

*இரண்டுக்கும் இடையில்.* 507க்கும் 512க்கும் இடையில்? இசட் மதிப்புகள் 0.5, 1.75. பெரிய இடப்புறப் பரப்பிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும்: 0.9599 − 0.6915 = 0.2684. இங்கே நடக்கும் பெருந்தவறு, இசட் மதிப்புகளையே கழித்துவிடுவது. 1.75 − 0.5 = 1.25 என்று எடுத்து அதற்கு அட்டவணை பார்ப்பவர்கள் உண்டு. பரப்புகளைக் கழிக்கலாம், இசட்டுகளைக் கழித்தால் பொருள் கிடையாது, ஏனெனில் அதே அகலம் நடுவில் நிறையப் பரப்பையும் ஓரத்தில் குறைந்த பரப்பையும் பிடிக்கிறது.

சராசரியைச் சுற்றிச் சமமாக அமைந்தால் வேலை குறையும். 502க்கும் 508க்கும் இடையில் என்றால் இசட் ±0.75. 0.7734ஐ இரட்டித்து 1ஐக் கழித்தால் 0.5468.

*இரண்டு வால்களும்.* 500க்குக் கீழ் அல்லது 511க்கு மேல்: 0.1056 + 0.0668 = 0.1724. கழித்தல் கிடையாது, இரண்டு தனித்தனி வால்கள்.

விடையைச் சரிபார்க்க மூன்று எண்கள் மனத்தில் இருக்கட்டும். சராசரியின் இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68.27 சதவீதம், இரண்டுக்குள் 95.45, மூன்றுக்குள் 99.73. இவற்றோடு முரண்படும் விடை வந்தால் அட்டவணையை மீண்டும் பாருங்கள்.

பின்னோக்கிய கணக்கு: பரப்பிலிருந்து மதிப்புக்கு

நடைமுறையில் அதிகம் பயன்படுவது இதுதான். நிகழ்தகவு தெரியும், எல்லை மதிப்பு வேண்டும். அட்டவணையின் உட்பகுதியில் பரப்பைத் தேடி, ஓரத்தில் இசட்டைப் படித்து, கீழ்க்காணும்படி திருப்ப வேண்டும்.

மதிப்பு = சராசரி + இசட் × திட்ட விலக்கம்

அடிக்கடி தேவைப்படும் இடப்புறப் பரப்புகளுக்கான இசட்டுகள்: 0.90க்கு 1.2816, 0.95க்கு 1.6449, 0.975க்கு 1.9600, 0.99க்கு 2.3263, 0.995க்கு 2.5758. சராசரிக்குக் கீழே உள்ள எல்லை என்றால் இவற்றுக்கே எதிர்க்குறி. நடுப்பகுதி 95 சதவீதம் என்று கேட்டால் 1.645 அல்ல, 1.96, மீந்த ஐந்து சதவீதம் இரண்டு வால்களுக்கும் இரண்டரை இரண்டரையாகப் பிரிவதால்.

நிரப்பும் இயந்திரத்துக்கு வருவோம். குறையளவுப் புட்டிகள் 10.56 சதவீதம் என்பது மிக அதிகம். 1 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். இதற்கு இரண்டு வழிகள். சராசரியை உயர்த்தலாம்: 500 = சராசரி − 2.3263 × 4, எனவே சராசரி ஏறத்தாழ 509.3 மி.லி. ஒவ்வொரு புட்டிக்கும் நான்கு மில்லிலிட்டருக்கு மேல் கூடுதலாகக் கொட்ட வேண்டும். அல்லது சராசரியை 505லேயே வைத்து இயந்திரத்தைச் சீராக்கலாம்: 5 ÷ 2.3263 = 2.149. திட்ட விலக்கம் 4இலிருந்து 2.14க்கு இறங்கினால் போதும். 2.15 என்று முழுமைப்படுத்தினால் இலக்கை மயிரிழையில் தவறவிடுவோம். இத்தகைய எல்லைகளில் பாதுகாப்பான பக்கம் பார்த்து முழுமைப்படுத்த வேண்டும்.

எதிர்க்குறியை மறப்பது இங்கே வாடிக்கை. கீழ் 1 சதவீதம் என்றால் எல்லை சராசரிக்கு இடப்புறம். சராசரி 490.7 என்று வந்தால் படத்தைப் பாருங்கள்: சராசரிக்குக் கீழே இருக்க வேண்டிய 500, மேலே போயிருக்கும்.

சராசரியும் திட்ட விலக்கமும் இரண்டுமே தெரியாத கேள்விகளும் உண்டு. ஒரு தேர்வில் 45க்குக் கீழ் 10 சதவீதத்தினர், 75க்கு மேல் 5 சதவீதத்தினர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும்:

45 = சராசரி − 1.28 × திட்ட விலக்கம்
75 = சராசரி + 1.645 × திட்ட விலக்கம்

கழித்தால் 30 = 2.925 × திட்ட விலக்கம். திட்ட விலக்கம் 10.26, சராசரி 58.13. முதல் சமன்பாட்டில் கூட்டல்குறி போட்டுவிட்டால் திட்ட விலக்கம் 82ஐத் தாண்டும். அப்போதே தவறு தெரிந்துவிடும்.

சராசரிகளுக்கும் கூட்டுத்தொகைகளுக்கும்

ஒரு புட்டியைப் பற்றிய கேள்வியும் பதினாறு புட்டிகளின் சராசரியைப் பற்றிய கேள்வியும் வேறு வேறு. மாதிரிச் சராசரியின் திட்ட விலக்கம் = தனி மாறியின் திட்ட விலக்கம் ÷ மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலம். 16 புட்டிகளுக்கு 4 ÷ 4 = 1.

ஒரு புட்டி 503க்குக் கீழ் இருக்கும் நிகழ்தகவு: இசட் −0.5, விடை 0.3085. பதினாறின் சராசரி 503க்குக் கீழ் இருக்கும் நிகழ்தகவு: இசட் −2, விடை 0.0228. வினாவில் ‘சராசரி’ என்ற சொல் வந்ததைக் கவனிக்காமல் 4ஆல் வகுத்தவர் பதின்மூன்று மடங்குக்கு மேல் பெரிதான விடையோடு நிற்பார்.

கூட்டுத்தொகைக்குப் பரவற்படிகளைத்தான் கூட்ட வேண்டும், திட்ட விலக்கங்களை அல்ல. ஆறு புட்டிகள் கொண்ட பெட்டியின் மொத்த அளவுக்குச் சராசரி 3030, திட்ட விலக்கம் 4 × √6 = 9.80, 24 அல்ல. மொத்தம் 3000க்குக் கீழ் போகும் நிகழ்தகவு: இசட் −3.06, விடை 0.0011. தனிப் புட்டியில் 10 சதவீதத்துக்கு மேல் இருந்த குறை, பெட்டியில் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஒன்றின் குறையை இன்னொன்றின் மிகை ஈடுசெய்வதால். புட்டிகள் ஒன்றையொன்று சாராதவை என்பது இங்கே நிபந்தனை. இயந்திரம் காலை முழுவதும் குறைத்தே நிரப்பியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

எண்ணிக்கைகளுக்கு: அரை சேர்க்கும் திருத்தம்

இந்த வளைவரை பிறந்ததே நாணயம் சுண்டும் கணக்கிலிருந்துதான். ஈருறுப்புப் பரவலை (வெற்றி, தோல்வி என்ற இரண்டே முடிவுள்ள சோதனையைப் பல முறை செய்யும்போது வரும் வெற்றி எண்ணிக்கையின் பரவல்) தோராயமாகக் கணக்கிடும் வழியாக 1733இல் கணிதவியலாளர் ஆபிரகாம் டி மாய்வர் இதைக் கண்டார். வானியல் அளவீட்டுப் பிழைகளுக்குக் காஸ் இதைப் பயன்படுத்தி எழுதியது 1809இல்.

நாணயத்தை 100 முறை சுண்டினால் 60 அல்லது அதற்கு மேல் தலை விழும் நிகழ்தகவு? சராசரி 50, திட்ட விலக்கம் √(100 × 0.5 × 0.5) = 5. நேரே 60ஐப் போட்டால் இசட் 2, விடை 0.0228. ஈருறுப்புப் பரவலின் சரியான விடை 0.0284. ஏன் இவ்வளவு வித்தியாசம்? எண்ணிக்கை முழு எண்ணாக மட்டும் வரும். ஒவ்வோர் எண்ணிக்கையையும் ஒரு செவ்வகமாக வரைந்தால், 60க்குரிய செவ்வகம் 59.5 முதல் 60.5 வரை பரவியிருக்கிறது. 60இல் வெட்டினால் அதன் பாதி வெளியே போய்விடுகிறது. 59.5ஐப் போட்டால் இசட் 1.9, விடை 0.0287.

இதுவே தொடர்ச்சித் திருத்தம். 60 அல்லது அதற்கு மேல் என்றால் 59.5, 60க்கு மேல் என்றால் 60.5, 60 அல்லது அதற்குக் கீழ் என்றால் 60.5, 60க்குக் கீழ் என்றால் 59.5. தொடர் மாறிக்குப் பொருளற்றதாக இருந்த ‘சமம்’ என்ற சொல் இங்கே விடையை மாற்றுகிறது. எதிர்பார்க்கும் வெற்றிகள், தோல்விகள் இரண்டும் குறைந்தது பத்தாவது இருந்தால்தான் இந்தத் தோராயத்தை நம்பலாம். சிலர் ஐந்து போதும் என்பார்கள், ஐந்தில் வால்கள் சரியாக வராது.

எப்போது இந்த அட்டவணையைப் பயன்படுத்தக் கூடாது

ஒரு சேவை மையத்தில் காத்திருக்கும் நேரம் சராசரி 4 நிமிடம், திட்ட விலக்கம் 5 நிமிடம் என்று தரவு சொல்கிறது. இயல்நிலை என்று கொண்டால் 0க்குக் கீழ் இருக்கும் நிகழ்தகவு: இசட் −0.8, அதாவது 0.2119. ஐந்தில் ஒருவருக்கு மேல் எதிர்க்குறி நேரம் காத்திருக்கிறார்! எதிர்க்குறி வரவே முடியாத மாறியில் திட்ட விலக்கம் சராசரியை நெருங்கினாலோ தாண்டினாலோ பரவல் கோணலானது என்று தெரிந்துகொள்ளுங்கள். வருமானம், காத்திருப்பு நேரம், பழுது வரை இயங்கும் காலம் எல்லாம் பெரும்பாலும் வலப்பக்கம் நீண்ட வால் கொண்டவை.

பரவலின் வடிவமே தெரியாதபோதும் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. எந்தப் பரவலானாலும் இரண்டு திட்ட விலக்கங்களுக்குள் குறைந்தது 75 சதவீதம் அடங்கும். இது செபிஷேவ் சமனிலி. 95.45க்கும் 75க்கும் உள்ள இடைவெளிதான் இயல்நிலை என்ற அனுமானத்துக்கு நாம் கொடுக்கும் விலை. திட்ட விலக்கத்தைச் சிறிய மாதிரியிலிருந்து மதிப்பிட்டு, மாதிரிச் சராசரியைப் பற்றிக் கேட்டால் இசட்டை விட்டு டி பரவலுக்குப் (மணி வடிவிலேயே, ஆனால் வால்கள் தடித்த பரவல்) போக வேண்டும்.

எக்செல்லில் செய்வது

நார்ம்.டிஸ்ட் என்ற சார்பு நான்கு தகவல்களைக் கேட்கும்: மதிப்பு, சராசரி, திட்ட விலக்கம், ட்ரூ அல்லது ஃபால்ஸ். 500, 505, 4, ட்ரூ என்று கொடுத்தால் 0.1056. கடைசியில் ஃபால்ஸ் கொடுத்தால் 0.0457 வரும், அது வளைவரையின் உயரம், நிகழ்தகவு அல்ல. இரண்டுமே நம்பும்படியான சிறிய எண்களாக இருப்பதால் தவறு கண்ணில் படாது. ட்ரூ எப்போதும் இடப்புறப் பரப்பையே தரும்.

இசட்டை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டால் நார்ம்.எஸ்.டிஸ்ட். பின்னோக்கிய கணக்குக்கு நார்ம்.இன்வ், இதுவும் இடப்புறப் பரப்பைத்தான் எதிர்பார்க்கும். மேல் 5 சதவீதத்தின் எல்லை வேண்டுமானால் 0.05 அல்ல, 0.95 தட்ட வேண்டும்.

மிகத் தொலைவான வலது வாலை 1இலிருந்து கழித்துக் காணாதீர்கள். இசட் 9க்கு அப்படிச் செய்தால் விடை 0 என்று வந்து நிற்கும். இடப்புறப் பரப்பு 1க்கு அவ்வளவு அருகில் இருப்பதால் கணிப்பொறி அதை 1 என்றே சேமித்துவிடுகிறது. −9 என்று கொடுத்து இடப்புறத்தைக் கேட்டால் அதே பரப்பு, தசமப் புள்ளிக்குப் பின் 18 பூஜ்யங்கள் தாண்டித் தொடங்கும் எண்ணாக, முழுதாகக் கிடைக்கும்.